நசுங்கிய டியூபை வாங்கிப் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பத்தூரில் கிளினிக் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். உங்களிடம் அடிக்கடி வரப்போகும் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன். பதினைந்து வயதுப் பெண். மாதக்கணக்கில் முகப்பரு, எதற்கும் அடங்கவில்லை. கூட வரும் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருப்பார்.

மருந்துச்சீட்டில் பேனாவை வைக்கும் முன், இதுவரை முகத்தில் என்ன போட்டாள் என்று கேளுங்கள். "ஒண்ணும் போடல சார்" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது, சிவப்பாக்கும் க்ரீம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அம்மாவின் பையிலிருந்து நசுங்கிய டியூப் ஒன்று வெளியே வரும். அதிலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இப்படிப்பட்ட 14 களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது.

முதல் சில நாள் அந்தக் களிம்பு பருவை அமுக்கும், நிறத்தையும் வெளுப்பாக்கும். அதனால்தான் அவள் அதை நம்புகிறாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்: ஒரே அளவில் பொடிப்பொடியாய்க் கொப்புளங்கள், கன்னத்தில் நூல் நூலாய் ரத்தக்குழாய்கள், மேலுதட்டில் பூனைமுடி. நிறுத்தினால் முகம் பற்றி எரியும். பயந்துபோய் மறுபடி பூசுவாள்.

ஆகவே களிம்பை நிறுத்தச் சொல்லும்போதே, அடுத்த சில வாரம் முகம் இன்னும் மோசமாகும் என்று அம்மாவின் எதிரில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் உங்கள் மருந்துதான் கெடுத்தது என்று நினைப்பார்கள். எரியும் தோலில் உடனே பருவுக்கான அடாபலீன் களிம்பு வேண்டாம். மணமில்லாத மாய்ஸ்ச்சரைசரைக் கொடுத்து ஆறவிடுங்கள். ஆறியபின், இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு அடாபலீன். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

தேமல் என்று சொல்லி வருகிற பிள்ளைகளிடமும் என்ன பூசினார்கள் என்று கேளுங்கள். அது தொழுநோயாகவும் இருக்கலாம்; 1955-இல் காரிகிரியில் தொழுநோய்க்கென்றே மருத்துவமனை தொடங்கிய வட்டாரம் இது. ஸ்டீராய்டு பூசிய தேமல் தன் உண்மையான முகத்தைக் காட்டாது. கன்னத்தில் உணர்ச்சி சோதனை அவ்வளவு நம்பகமில்லை. முழங்கை நரம்பைத் தொட்டுப் பாருங்கள், காது மடலையும் பாருங்கள்.

இன்னொன்று. "முகத்தை ஒழுங்காகக் கழுவுகிறாயா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே நாளுக்குப் பத்துமுறை தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பாள்.

மறுபரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அம்மாவுக்குச் சம்பளம் போகாது. வராவிட்டால் நீங்களே போன் செய்யுங்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எடுப்பார்.

அன்புடன்,
உங்கள் மூத்த மருத்துவர்