கின்சாய் வைக்கப் போகிறவர்களுக்கு

பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில் என் வீட்டுப் பின்கட்டில் எப்போதும் ஏழெட்டுச் சட்டி கின்சாய் இருக்கும். பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வைத்த தம்பி தங்கச்சிமார் பலர் ஒரே மாதத்தில் காய்ந்த சட்டியோடு திரும்பி வருகிறார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் பெயர். பசாரில் சீனக் கிழவர் கின்சாய் என்பார், மலாய்க்கார மாச்சிக் டாவுன் சூப் என்பார், நம் வீடுகளில் சூப்பு இலை. அகராதியில் சிவரிக்கீரை என்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் தடித்தடியாக உறைபோட்டு விற்கும் செலரியும் இதே இனம்தான். அது தண்டுக்காக வளர்த்தது, இது வாசத்துக்காக.

2. இது கொத்தமல்லி இல்லை. கல்யாணமான புதிதில் நான் அவசரத்தில் இந்தக் கட்டை வாங்கிவந்து ரசத்தில் கிள்ளிப் போட்டேன். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். கொத்தமல்லித் தண்டு மெலிசு, வழவழப்பு. கின்சாய்த் தண்டு குழல் மாதிரி இருக்கும், மேலே வரிவரியாகப் பள்ளம் ஓடும். சந்தேகமாக இருந்தால் நகத்தால் கீறி மோந்து பாருங்கள்.

3. சமையலில் செய்த அதே தப்பைத்தான் எல்லாரும் சட்டியிலும் செய்கிறார்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இதற்குச் சொந்தம்தான், ஒரே குடும்பம். ஆனால் கின்சாய்க்குப் பிறந்த வீடு சதுப்பு நிலம். சிசிலித் தீவில் செலினூஸ் என்று ஒரு பழைய கிரேக்க ஊர். இந்தச் செடியின் பெயரையே ஊருக்கு வைத்து, இலையைக் காசிலும் அடித்திருக்கிறார்கள். காட்டுச்செடி அங்கே ஈரமான கரையோரங்களில் தானாக முளைக்கும். அப்படிப்பட்டதைக் கொண்டுவந்து கொத்தமல்லிபோல் உச்சிவெயிலில் வைத்தால் என்ன செய்யும்?

4. விதையில் தொடங்காதீர்கள். தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் 2,000க்குக் குறையாது. சூடு 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் தூங்கிவிடும். நம் ஊர்ப் பகலோ 32. பசாரில் வேரோடு விற்கிற கட்டை வாங்குங்கள். வேர் வெள்ளையாகவும் நடுக்குருத்து ஒடியாமலும் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்; கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இரண்டு விரல் உயரம் விட்டு மேலே வெட்டிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடியை இரண்டு நாள் தண்ணீரில் நிறுத்திவிட்டு நடுங்கள். வேர் மூடினால் போதும், குருத்துக்குள் மண் விழுந்தால் அழுகிவிடும். ஒரு வாரத்துக்குள் வெட்டிய நடுவிலிருந்து மடித்த விசிறி மாதிரி ஒரு சின்ன இலை எட்டிப் பார்க்கும்.

5. விதைதான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஈரத்துணியில் சுற்றி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு ஈரமண்ணின் மேல் தூவி லேசாக அழுத்துங்கள். மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் நாலாவது அறிவுரையைத் திரும்பப் படியுங்கள்.

6. காலை வெயில் பத்துப் பதினொரு மணிவரை போதும். என் சட்டிகள் கறிவேப்பிலை மரத்துக்குக் கிழக்கே இருக்கின்றன. மரம் இல்லாதவர்கள் கறுப்பு வலை கட்டுங்கள்.

7. தண்ணீர். இதன் வேர் ஆழம் போகாது, மண்ணின் மேலாகவே ஓடும். ஒருநாள் காயவிட்டாலும் தண்டு நாராகிக் கசக்கும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் காலையும் மாலையும் ஊற்றுங்கள். அதற்காகக் குளம் கட்டாதீர்கள். ஒரு அக்டோபர் மழையில் சட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனேன். நாலுநாள் கழித்து வந்தால் ஏழு சட்டியும் நாறிக் கிடந்தன. மழை மாதத்தில் இலையில் பழுப்புப் புள்ளியும் விழும். அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், செடியின் காலடியில் போடாதீர்கள்.

8. கோழி எரு நல்லது. பழையதாக இருக்க வேண்டும். புது எரு வேரைச் சுட்டுவிடும்.

9. பறிக்கும்போது வெளித்தண்டை அடியோடு எடுங்கள். நடுக்குருத்து உங்களுடையது இல்லை, செடியுடையது.

10. சமையல். தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் போடுங்கள், இலையை அடுப்பை அணைத்த பிறகு. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி கற்ற மாதிரி. பினாங்கு மாமாக் கடைகளில் ஆட்டுச் சூப்பின் மேல் பொரித்த சின்ன வெங்காயத்தோடு மிதக்கிற பச்சை இதுதான். சோத்தோச் சூப்பிலும் இதுதான். இன்னொரு பக்குவத்தை நான் கற்றது தியோச்சியூ சீன அண்டைவீட்டாரிடம். வவ்வால் மீனோடு ஊறுகாய்ப் பிளம், உப்புக் கடுகுக்கீரை, தக்காளி, இஞ்சி சேர்த்து ஆவியில் வேகவைத்து, இறக்கும்போது இதைத் தூவுவார்கள். அவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கரும்புக்காடாக இருந்தபோது வந்தவர்களின் வம்சம். சாலையோரம் நிற்கிற கீ குடும்பத்து மாளிகை அந்தக் காலத்துக் கரும்புக் காசு. அந்த வட்டாரத் தோட்டங்களில் வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. கரும்பு போய் ரப்பர் வந்தது, மீன் பக்குவம் மாறவில்லை. நம் சமையலில் எலும்புச் சூப்புக்கும் முட்டைப் பொரியலுக்கும் சேரும். சாம்பாருக்கும் தேங்காய்ப்பால் குழம்புக்கும் சேராது. சேரும் என்கிறவர்கள் என் மாமனாரிடம் சாட்சி கேட்டிருக்க வேண்டும்.

11. மருந்து என்று சொல்லி வெறும் வயிற்றில் கிளாஸ் கிளாஸாகச் சாறு குடிக்கிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். சூப்பில் தூவுகிற அளவு வேறு விஷயம். சிலருக்கு ஒவ்வாமை உண்டு, நாக்கு அரித்தால் விட்டுவிடுங்கள். நிறையப் பறித்தால் கையைக் கழுவிவிட்டு வெயிலில் போங்கள்; சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து கொப்பளிக்கலாம்.

12. பூக்கும், விதை எடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நன்றாகக் குளிர் பட்டால்தான் பூக்கிற சாதி, அந்தக் குளிர் இங்கே கிடையாது. தண்டு சிறுத்து இலை மஞ்சளானால் பிடுங்கி, வேரைத் தேய்த்துக் கழுவி, அப்படியே எலும்புச் சட்டியில் போடுங்கள். மறுநாள் காலை பசாருக்குப் போய் வேரோடு இரண்டு கட்டு வாங்கி வாருங்கள்.