ஒரே கிராஃப், ரெண்டு எக்ஸ் அச்சு: அஷ்வினின் 537 விக்கெட்

ஞாயிற்றுக்கிழமை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எந்தப் பக்கம் போனாலும் ஒரு டென்னிஸ் பால் மேட்ச் நடந்துட்டு இருக்கும். அதுல யாராவது ஒருத்தர் நடுவிரலால பந்தைச் சொடக்கி விட்டுப் பார்ப்பார். அந்த 'சொடக்கு பால்' சென்னைத் தெரு கிரிக்கெட்டிலிருந்து டெஸ்ட் மைதானம் வரைக்கும் போனது நம்ம ரவிச்சந்திரன் அஷ்வின் கையில்தான். அவரும் நம்ம ஆள்தான். கிரிக்கெட்டுக்கு மட்டும் சொல்லல, எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியில் ஐடி படித்தவர்.

அவர் சாதனைப் பட்டியல் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24, ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் 37 முறை, 6 சதம். பட்டியலைத் திரும்பச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. அதே எண்களை வைத்து ஒரு கிராஃப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாள் எடுத்துக்கோங்க.

ஒய் அச்சில் விக்கெட். எக்ஸ் அச்சில் ஆடிய டெஸ்ட் எண்ணிக்கை. புள்ளிகள் இவை:

100 விக்கெட் – 18வது டெஸ்ட்
200 விக்கெட் – 37வது டெஸ்ட்
300 விக்கெட் – 54வது டெஸ்ட்
400 விக்கெட் – 77வது டெஸ்ட்
500 விக்கெட் – 98வது டெஸ்ட்

ஒவ்வொரு நூறுக்கும் ஆன டெஸ்ட்: 18, 19, 17, 23, 21. புள்ளிகளைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. 54 டெஸ்டில் 300 என்பது உலக சாதனை. 500க்கு அவரைவிடக் குறைந்த டெஸ்ட் எடுத்துக்கிட்டவர் முத்தையா முரளிதரன் ஒருவர்தான்.

இப்ப எக்ஸ் அச்சை மட்டும் மாத்துங்க. டெஸ்டுக்குப் பதிலா மாதம். முதல் டெஸ்ட் 2011 நவம்பர், டெல்லி. 100வது விக்கெட் 2013 நவம்பர், 200வது 2016 செப்டம்பர், 300வது 2017 நவம்பர், 400வது 2021 பிப்ரவரி, 500வது 2024 பிப்ரவரி. இடைவெளி மாதக் கணக்கில்: 24, 34, 14, 39, 36.

நேர்கோடு எங்கே போச்சு? ஒரு நூறுக்கு 14 மாதம், அடுத்த நூறுக்கு 39 மாதம். ஆள் அதே ஆள்தான். மாறினது, களத்தில் இறங்கக் கிடைத்த வாய்ப்பு.

அந்த 34 மாதத்துக்குள்ள என்ன நடந்ததுன்னு பாருங்க. 2013 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க். ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 42 ஓவர் வீசினார், விக்கெட் பூஜ்யம். அடுத்த டெஸ்டில் அவர் இடத்தில் ஜடேஜா. மறுபடி டெஸ்ட் ஆட 2014 ஆகஸ்ட் வரை காத்திருந்தார். திரும்பி வந்த மான்செஸ்டர் டெஸ்டில் பேசப்பட்டதும் பந்து இல்ல, பேட்தான்: 40, அடுத்து ஆட்டமிழக்காமல் 46. அப்புறம்தான் 2015: இலங்கையில் 3 டெஸ்டில் 21 விக்கெட், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரே உள்ளூரில் 4 டெஸ்டில் 31 விக்கெட்.

39, 36 மாதங்களுக்கும் கதை உண்டு. வெளிநாட்டில் ஒரே ஒரு ஸ்பின்னருக்குத்தான் இடம், காயம், கொரோனாவால் நின்ற 2020. 2021 இங்கிலாந்து தொடரில் ஒரு டெஸ்ட்கூட ஆடல, முழுக்க பெஞ்ச். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் அவரை எடுக்கல. அன்னிக்கு ஐசிசி தரவரிசையில் நம்பர் 1 பவுலர் அவர்.

நீண்ட காலம் ஆடினவர்கள் கணக்கை உள்ளே போய்ப் பார்த்தா இப்படித்தான் இருக்கும். அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். நோலன் ரயன் என்ற பிட்சர் 27 சீசன் ஆடினார். 5,714 ஸ்ட்ரைக் அவுட், இன்னிக்கும் சாதனை. அவர் பேரில் 324 வெற்றி. கூடவே 292 தோல்வி! பெரிய எண் வரணும்னா நிறைய நாள் ஆடணும். நிறைய நாள் ஆடினா தோத்த நாளும் நிறைய சேரும்.

சரி, இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? பிளேஸ்மெண்ட் சீசன். கிளாஸில் பாதிப் பேருக்கு ஆஃபர் வந்தாச்சு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க கேக் போட்டோ. உங்களுக்கு இன்னும் வரல. அப்ப நீங்க பார்த்துட்டு இருக்கறது மாத அச்சு. உங்க டிபார்ட்மெண்டுக்கு எத்தனை கம்பெனி வந்தது, எப்ப வந்தது என்பது உங்க கையில் இல்ல. அதை வைத்து உங்க திறமையை அளக்காதீங்க. போன இன்டர்வியூக்களை மட்டும் வரிசையா எழுதி, எந்த ரவுண்ட் வரை போனீங்கன்னு குறிச்சுப் பாருங்க.

ஆனா இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கு. "வாய்ப்பு வரல" என்பது எல்லாருக்கும் பொருந்தும் சாக்கு கிடையாது. எட்டு இன்டர்வியூ போய் எட்டிலும் கோடிங் ரவுண்டிலேயே வெளியே வந்தா, உங்க முதல் கிராஃபே படுத்திருக்குன்னு அர்த்தம். அதுக்கு நேரம் காரணம் இல்ல, பந்தை மாத்தணும். அஷ்வின் கணக்கிலும் இது தெரியும்: இந்தியாவில் 65 டெஸ்டில் 383 விக்கெட், வெளியே 41 டெஸ்டில் 154. உள்ளே டெஸ்டுக்கு 5.9, வெளியே 3.8 தான். அவரை வெளிநாட்டில் உட்கார வைத்தவர்களிடமும் ஒரு கணக்கு இருந்தது. ரெண்டையும் மறைக்காம படிக்கணும்.

500வது விக்கெட் எடுத்த அன்னிக்கு ராத்திரியே குடும்பத்தில் மருத்துவ அவசரம். ராஜ்கோட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பிட்டார். நாலாவது நாள் திரும்பி வந்து அதே டெஸ்டில் பந்து வீசினார். ஸ்கோர்கார்டில் அது ஒரு விக்கெட்டாக மட்டும்தான் இருக்கும். 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு. அந்தத் தொடரில் அதுவரை நடந்த 3 டெஸ்டில் அவர் ஆடினது ஒன்றுதான்.

வீட்டுப்பாடம்: இன்னிக்கு ராத்திரி உங்க சொந்தக் கிராஃப் ரெண்டையும் போடுங்க. ஒண்ணு முயற்சிக் கணக்கில், இன்னொண்ணு மாதக் கணக்கில். ரெண்டாவது வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா பரவாயில்ல. முதலாவதை நல்லாப் பாருங்க. அதில் எந்த இடம் படுத்திருக்கோ, நாளைக்கு வேலை அங்கதான்.