டிராக்கில் முதல் நாளா? பிரேக் ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டப் பெயர் கொடுத்தவுடன் பலர் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் என்று விலை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். முதல் நாளுக்கு அதெல்லாம் வேண்டாம். கம்பெனி பிரேக்கே போதும், உள்ளே இருக்கும் ஆயில் புதிதாக இருந்தால்.

அந்த டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் காரை 70-க்குக் கொண்டுவந்தால், வேகம்தான் பாதியாகிறது. காரின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி சூடாக டிஸ்க்கில் இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அந்தச் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குப் போகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. போன வருடம்தானே மாற்றினோம் என்று விட்டுவிடாதீர்கள். மேலே டப்பாவில் ஊற்றி நிரப்புவதும் பயன்படாது. பழைய ஆயில் காலிப்பரிலேயே தங்கியிருக்கும். நான்கு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை ஏர் எடுக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டாட் 4 அல்லது டாட் 5.1, சீல் பிரிக்காத டின். டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிகான், மற்றதோடு சேராது. வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் காரை மெக்கானிக்கிடமிருந்து எடுக்காதீர்கள்.

பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். உள்பக்கப் பேட் வெளியே தெரியாது, சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ரேஸ் பேட் வாங்காதீர்கள்; ஆறியிருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது, வீட்டுக்கு அதே காரில்தானே திரும்ப வேண்டும்! புதுப் பேட் என்றால் முன்பே பழக்கிவிடுங்கள்: காலியான சாலையில் 80-லிருந்து 20-க்குப் பலமுறை குறைத்து, நிறுத்தாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கின் விளிம்பைத் தொடும் வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஹோஸை வளைத்துப் பாருங்கள். பின்னால் டிரம் என்றால் திறந்து சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்யட்டும்.

ஓட்டும்போது பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் சூடேறியிருக்கிறது. ஒரு சுற்று மெதுவாகப் போனால் பெரும்பாலும் சரியாகும். பெடல் கீழே இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்துப் பிட்டுக்கு வாருங்கள். மறுபடி ஏர் எடுக்காமல் அந்தக் காரை டிராக்கில் இறக்காதீர்கள், சாலையிலும் ஓட்டாதீர்கள்.

நான்கைந்து சுற்று போதும். கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வாருங்கள். பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல், எஞ்சினை அணைத்துக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் பேடையும் வீல் நட்டையும் இன்னொரு முறை பாருங்கள்.