நீலப் பூ பூக்கும் மண்ணில் மரக்கறித் தோட்டம்

தோழிகளே, நுவரெலியாப் பக்கம் வந்தவர்கள் வீட்டு வாசல்களில் பந்து பந்தாகப் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் நீல நிறம். அந்த நீலம் மண்ணைப் பற்றிய ஓர் அறிவித்தல் என்பது உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும்; பூ நீலமாகும். அமிலம் குறைந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். (வெள்ளைப் பூ இனங்கள் மாறுவதில்லை, அவற்றை நம்ப வேண்டாம்.) வாசலில் நீலப் பூ இருந்தால், கொல்லையில் மரக்கறி நடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாங்கள் யோசிக்கவில்லை. எமது வீடு கந்தப்பளைப் பக்கம், தேயிலை மலையின் ஓரத்தில் இருக்கிறது. 2022இல் நான் ஒன்பதாம் தரம். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூடக் கொடுத்தார்கள். வாப்பாவின் கடையில் இறாக்கைகள் வெறுமையாகவும் கடன் கொப்பி நிறைந்தும் இருந்தன. அப்போது உம்மா கொல்லையைக் கொத்தச் சொன்னார். கறுத்த மண், பார்த்தால் எதைப் போட்டாலும் முளைக்கும் போலிருந்தது. கோவா, பீட்ரூட், போஞ்சி நட்டோம். பீட்ரூட் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிட்டது. போஞ்சி மஞ்சளித்தது. கோவாவைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. உம்மா அன்று ஒன்றும் பேசவில்லை. விதைக்காகக் கொடுத்தது கையில் கடைசியாக இருந்த காசு.

கீழ் லயத்துப் பாட்டி வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "இது தேயில மண்ணு புள்ள. தேயிலைக்குத்தான் இந்தப் புளிப்பு புடிக்கும். அடுப்புச் சாம்பல வீசிட்டு வெறும் மண்ணுல நட்டா எப்படி?" என்றார். நாங்கள் சாம்பலை அள்ளிக் கானில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

பாட்டி சொன்ன புளிப்புக்கு எமது பாடப்புத்தகத்தில் பீ.எச். பெறுமானம் என்று பெயர். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். மண்ணில் பொசுபரசு இருந்தாலும் அமில மண் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கரைந்த அலுமினியம் வேர் நுனியைக் கெடுக்கிறது. தேயிலைச் செடியோ அலுமினியத்தை இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறது! கோவாவின் வேர் வீங்கும் நோயும் அமில மண்ணில்தான் அதிகம்.

இதில் ஏமாந்தது நாங்கள் மட்டுமல்ல. பின்னாளில் ஆபிரிக்க ஆய்வுப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1848 அளவில் ஆட்கள், கால்நடைகள், விதைகளோடு நுவரெலியாவில் பண்ணை போட்டார். அவருடைய முதல் விளைச்சல் நாசமானது. இங்குள்ள கறுத்த மண்ணின் தோற்றத்தை நம்பக்கூடாது, எருவில்லாமல் எதுவும் விளையாது என்பதை அவரும் பட்டுத்தான் அறிந்தார்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேயிலைக் கவ்வாத்து மிலாறு எரித்த அடுப்புச் சாம்பலைச் சலித்து, நனையாமல் தகரத்தில் சேருங்கள். மழையில் நனைந்த சாம்பலில் சத்து ஓடிப்போயிருக்கும். பொலித்தீன் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். பாத்தியில் மெல்லியதாகத் தூவிக் கொத்திவிடுங்கள். டொலமைட் கிடைத்தால் இன்னும் நல்லது. மெதுவாக வேலை செய்வதால் நடுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே போட வேண்டும். இரண்டையும் பச்சைச் சாணத்தோடு கலக்காதீர்கள். நைதரசன் அமோனியாவாகிப் பறந்துவிடும். மூக்கே காட்டிக்கொடுக்கும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாம்பல் போடாதீர்கள், கிழங்கில் சொறி விழும். தேயிலைச் சக்கையை நேரே செடியடியில் கொட்டாமல் கூட்டெருக் குழியில் போடுங்கள்.

பாத்தி மலைச்சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால், ஒரு மழைக்கு உங்கள் சாம்பலும் எருவும் கீழ்வீட்டுக்குப் போய்விடும். கீழ் ஓரத்தில் கல் அடுக்கி, மேல் ஓரத்தில் சிறு கான் வெட்டினோம். கரட் விதையை நேரே பாத்தியில் விதைக்க வேண்டும். நாற்றாக நட்டாலும் கல் இருந்தாலும் இரண்டு காலோடு வரும் (தங்கைக்கு அதுதான் பிடிக்கும்). லீக்ஸை நாற்றுமேடையில் வளர்த்து, ஆழமாக நட்டு, மண் அணைக்க அணைக்கத் தண்டு வெள்ளையாக நீளும். போஞ்சிக்குப் பந்தல் தடியாகவும் மிலாறுதான். புதினாவைப் பெயின்ற் வாளிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் தோட்டம் முழுவதும் அதுவே. பாத்தி ஓரத்துக்கு நஸ்டேர்ஷியம் போடலாம். பூவும் இலையும் உண்ணலாம். கொஞ்சம் காரமாக இருக்கும்.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளைக் கவனியுங்கள். அன்றுதான் உறைபனி விழும். மாலையிலேயே சாக்கால் மூடுவோம். மறந்துபோனால், சுபஹு தொழுததும் வெயில் ஏறுமுன் இலைகளில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவது என் வேலை. கை விறைத்துப்போகும். தெளித்த பாத்தி கருகாமல் தப்பியதையும், எட்டாத மூலை கருகியதையும் பார்த்திருக்கிறேன்.

சாம்பல் போடத் தொடங்கிய அடுத்த வருடம் பீட்ரூட் கைப்பிடி அளவுக்கு வந்தது. பாத்தி ஓரத்து ஹைட்ரேஞ்சியா ஊதாவாகி, இப்போது இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. வாசலில் உள்ளது இன்னும் நீலம்தான்.

இவ்வளவும் சொல்லித்தந்த பாட்டிக்குச் சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லை. லயத்து வாசல் தோட்டத்துக்குச் சொந்தம். கீரை, வெங்காயத்தாள் எல்லாம் சாக்கிலும் வாளியிலும்தான் வளர்க்கிறார். "மரம் வைக்க முடியாது புள்ள, எப்ப எடுக்கச் சொல்லுவாங்கன்னு தெரியாது" என்று சொல்லி, தான் முளைக்கவைத்த மரத்தக்காளிக் கன்றை எங்களிடம் தந்தார். பனி படாதபடி குசினிச் சுவரோரம் நட்டோம். இந்த வருடம்தான் முதல் தடவையாகக் காய்த்தது. பழுத்ததைப் பறித்து உம்மா இரண்டு பாத்திரங்களில் போட்டார். பெரியதை நான் லயத்துக்கு எடுத்துப் போனேன்.