மிதித்தால் அணையும் இன்ஜின்: ஐந்து நம்பிக்கைகள், ஐந்து உண்மைகள்

சிக்னலில் நிற்கும்போது சீராக ஓடும் இன்ஜின், முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் திணறி அணைந்துவிடுகிறது. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடுகிறது. இதைச் சரிசெய்ய பிளக், காயில், பேட்டரி என்று அனுமானத்திலேயே மாற்றிக்கொண்டு போகிறவர்கள் பலர். பணம் போவது ஒருபுறம். காரணம் தெரியாத வண்டி மறுநாளும் நெடுஞ்சாலைக்குப் போகிறதே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

நம்பிக்கை 1: பங்கில் போட்ட பெட்ரோல் சரியில்லை.

உண்மை: சில சமயம் அப்படியும் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஆனால் அப்படிப்பட்ட வண்டி ஸ்டார்ட் ஆகவே சிரமப்படும். நின்றபடி ஓடும்போதும் மிஸ்ஸிங் அடிக்கும். இரண்டு மூன்று முறை வேறு வேறு பங்கில் நிரப்பிய பிறகும் மிதிக்கும்போது மட்டும் அணைகிறது என்றால், கோளாறை வண்டிக்குள்தான் தேட வேண்டும்.

நம்பிக்கை 2: ஐடிலிங் நன்றாக இருக்கிறது, எனவே பம்ப் நன்றாக இருக்கிறது.

உண்மை: அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். நின்றபடி ஓடும் இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். தளர்ந்த பம்பும் அடைத்துக்கொண்ட ஃபில்டரும் அந்தத் தேவையைச் சமாளித்துவிடும். மிதித்ததும் தேவை பல மடங்கு ஏறுகிறது. அப்போதுதான் பற்றாக்குறை வெளிப்படுகிறது.

இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ கார்களில் எரிபொருள் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். ஷெட்டில் நிறுத்தி வைத்து அளந்தால் போதாது. பழகிய மெக்கானிக் அழுத்தம் அளக்கும் கேஜைப் பாதுகாப்பாக மாட்டி, இன்ஜினுக்குச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது முள் இறங்கினால் ஃபில்டர், பம்ப், பம்புக்குப் போகும் ஒயரிங் மூன்றையும் சோதிக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் நல்ல பம்பும் சோர்ந்துவிடும்.

புதிய கார் என்பதால் பம்ப் கெடாது என்றும் சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் உருக்குலைந்து, ஓடும் வண்டி நின்றுவிடலாம் என்பதே காரணம். அதே ஆண்டு ஜூனில் இந்தியாவில் ஹோண்டா 65,651 கார்களையும், ஜூலையில் மாருதி சுசுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும் ஃபியூயல் பம்புக்காகத் திரும்ப அழைத்தன.

நம்பிக்கை 3: ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு (கோடு), மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்லிவிடும்.

உண்மை: கோடு அறிகுறியைத்தான் சொல்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிஞ்சினால் 'பி0171' என்ற கோடு வரும். அதற்குக் கிழிந்த வாக்யூம் குழாய், அழுக்கேறிய காற்று சென்சார், தளர்ந்த பம்ப் எதுவும் காரணமாகலாம்.

எது என்று பிரித்தறிய ஸ்கேனரிலேயே ஒரு வழி உண்டு. இன்ஜினை இயக்கும் கணினி வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது என்பதை ஃபியூயல் டிரிம் என்ற எண் காட்டும். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, வேகம் ஏற ஏறக் குறைந்தால் வாக்யூம் கசிவைச் சந்தேகிக்கலாம். மிதிக்க மிதிக்க ஏறினால் பம்ப், ஃபில்டர், காற்று சென்சார் பக்கம் போக வேண்டும்.

நம்பிக்கை 4: சூடு ஆறியதும் ஓடுகிறது, இனி பயமில்லை.

உண்மை: கார்புரேட்டர் காலத்து அம்பாசடரில் வெயில் நேரத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கும், டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். இன்றைய பம்ப் டேங்குக்குள் இருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுவதால் அந்தக் கோளாறு அரிது. இப்போது சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை கிராங்க் சென்சாரும் இக்னிஷன் காயிலும். கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். அது ஆறுவது தற்காலிகம். அடுத்த சூட்டில் மறுபடி நிற்கும்.

நம்பிக்கை 5: இன்ஜின் அணைந்தால் பிரேக்கும் போய்விடும்.

உண்மை: பிரேக் மிதிக்கு உதவும் வாக்யூம் பூஸ்டரில் ஓரிரு முறை அழுத்துவதற்கான உதவி மிச்சமிருக்கும். அது தீர்ந்த பிறகும் பிரேக் வேலை செய்யும். பலமாக மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எனவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, கனத்துப்போன ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்து இடப்புறம் ஒதுங்க வேண்டும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை லாக் நிலைக்குத் திருப்பவே கூடாது.

இப்படி நின்ற வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும்போது முதலில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இருந்தால் பாகத்துக்கும் கூலிக்கும் உரிமையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை.