அடுத்த தெருவில் இருக்கும் ‘லேட்’ செயலாளர்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த வருஷம் நான்தான் செயலாளர். ஆண்டுவிழா நோட்டீஸை ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவரை ‘த லேட் செக்ரட்டரி’ என்று போட்டுவிட்டேன். மனிதர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அன்று சாயங்காலமே இரண்டு பேர் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்ததே அவர்தான்! ஆனால் நான் இதைக் கற்பனையில் எழுதவில்லை. பாளையம் நூலகத்தில் எடுத்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில், பதவியிலிருந்து விலகி உயிரோடு இருந்த ஒருவரை அப்படித்தான் எழுதியிருந்தது. தப்பு என்னுடையதா, புத்தகத்தினுடையதா?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: புத்தகத்தின் மேல் தப்பில்லை அம்மா. அது எந்தக் காலத்துப் புத்தகம் என்று பார்க்காமல் விட்டீர்கள், அவ்வளவுதான்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே சிலையாக நிற்கிறாரே, மாதவ ராவ், அவரையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரை மறந்து ‘ஸ்டாச்சு’ என்று பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம், அது வேறு கதை. 1872இல் அவர் திருவிதாங்கூர் திவான் பதவியை விட்டார். இறந்தது 1891இல். நடுவில் இந்தோரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஆங்கிலேயர் அவரை ‘லேட் திவான் ஆஃப் திருவிதாங்கூர்’ என்று குறிப்பிட்டிருந்தால், அன்றைய வழக்கில் ‘முன்பு திவானாக இருந்தவர்’ என்றுதான் பொருள். ஓய்வு பெற்ற பட்டாளத்து அதிகாரிகள் தாங்கள் எழுதிய புத்தகங்களின் முகப்பிலேயே, தங்கள் பெயருக்குக் கீழே, ‘லேட் ஆஃப்’ என்று பழைய படைப்பிரிவைப் போட்டுக்கொள்வார்கள். இன்று அந்தப் பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஆளுக்கு முன்னால் ‘த லேட்’ வந்தால் ஊரே சாவு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

சொல் வாக்கியத்தில் எங்கே உட்கார்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘த செக்ரட்டரி இஸ் லேட்’ என்றால் அவர் கூட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ‘த லேட் செக்ரட்டரி’ என்றால் இனி எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். ஆனால் ‘லேட் டின்னர்’ என்றால் நேரங்கழித்துச் சாப்பிட்ட சாப்பாடுதான். சாப்பாட்டுக்கு மரணம் கிடையாது. போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா பக்கத்து ஆங்கிலம் இந்த விதியிலும் அடங்காது. அங்கே ‘ஹி இஸ் லேட்’ என்று ஒருவர் சொன்னால், கடிகாரத்தைப் பார்க்காமல் அனுதாபம் சொல்லுங்கள்.

நம் ஊர் மலையாளத்திலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. ‘தாமசிச்சு’ என்றால் தாமதமானது என்றும் பொருள், குடியிருந்தார் என்றும் பொருள். கரமனையில் இருக்கும் உங்களுக்கு இது பழகியிருக்கும். தமிழில் இந்தச் சிக்கல் இல்லை: முன்னாள் செயலாளர் வேறு, மறைந்த செயலாளர் வேறு. ஆனாலும் ‘காலஞ்சென்ற’, ‘காலந்தாழ்ந்த’ இரண்டிலும் காலம்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் ஆங்கிலேயன் மேல் கோபம் கொஞ்சம் குறைகிறது.

இன்னொன்று. இறந்தவர் எல்லோருக்கும் ‘லேட்’ போடக்கூடாது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013இல் காலமானார். அவருக்கு ‘லேட்’ பொருந்தும். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த மார்த்தாண்ட வர்மாவுக்குப் போட்டால் படிப்பவர் சிரிப்பார். நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்விட்ட செய்தி சிலருக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்கிற இடத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. அதே போல, 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தவர் ‘லேட் சித்திரைத் திருநாள்’ என்று எழுதுவதும் எனக்கு உறுத்தும். கையெழுத்துப் போட்டபோது அவர் இருபத்து நான்கு வயது இளைஞர். காலமானது 1991இல்.

கல்யாணப் பத்திரிகையிலும் விண்ணப்பத்திலும் ‘சன் ஆஃப் லேட்’ என்று, முன்னால் ‘த’ இல்லாமல் போடுகிறோமே, அது இந்திய ஆங்கிலம். லண்டனில் புருவத்தைத் தூக்குவார்கள். நான் திருத்த மாட்டேன். இங்கே எல்லாருக்கும் புரிகிறது. தமிழ்ப் பத்திரிகையில் மட்டும் ‘லேட்’ வேண்டாமே. காலஞ்சென்ற, அமரர், தெய்வத்திரு என்று மூன்று சொல் இருக்கும்போது அச்சகத்துக்காரர் ஏன் அடைப்புக்குறிக்குள் ‘லேட்’ போடுகிறார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்கள் நோட்டீஸுக்கு ‘ஃபார்மர் செக்ரட்டரி’ போதும். பத்திரிகைகளில் படித்த ஞாபகத்தில் ‘எர்ஸ்ட்வைல்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊர்ப் பத்திரிகைகள் அதைத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் அரச குடும்பத்துக்கும் போடுகின்றன. குடியிருப்போர் சங்கத்துக்கு அது தாங்காது. திருத்த நோட்டீஸை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். தலைப்பில் ‘லேட் கரெக்‌ஷன்’ என்று தாராளமாகப் போடலாம். அங்கே அந்தச் சொல் சரிதான்.