காற்றில் நிற்கும் வண்டி

நம் விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. புது வண்டிக்கு 15 லட்சம், 20 லட்சம் கொடுப்பானேன், அதில் பாதி விலைக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆடி கியூ7, பென்ஸ் எம்.எல்., லேண்ட் ரோவர் டிஸ்கவரி என்று பெரிய வண்டியாகவே சென்னையில் எடுத்துவிடலாமே என்பதுதான் அந்தப் பேச்சு. புதிதில் அரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி எட்டு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் வருகிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மொத்தச் சரக்கு பேரம் பேசிப் பழகிய நமக்கு, விலை இறங்கிய பொருளைக் கண்டால் கை அரிக்கத்தான் செய்யும்.

ஆனால் பாதி விலைக்கு வரும் துவரம் பருப்பைப் பார்த்தால் முதலில் என்ன செய்வோம்? மூட்டைக்குள் கையை விட்டு வண்டு இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு வண்டு இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஏர் சஸ்பென்ஷன்.

லாரியில் இருப்பது பட்டை ஸ்பிரிங். சாதாரணக் காரில் இருப்பது சுருள் ஸ்பிரிங். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் அந்த இடத்தில் இரும்பே கிடையாது. நான்கு சக்கரத்தின் மேலும் காற்றடைத்த தடித்த ரப்பர் பலூன்கள் இருக்கும். வண்டியின் மொத்த எடையும் அந்தக் காற்றின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உயரத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. பின்னால் நான்கு மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழும். உடனே சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் உத்தரவு போட, கம்ப்ரஸர் காற்றை ஏற்றி வண்டியை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஏற, இறங்க வசதியாகத் தாழ்த்தலாம். தண்ணீர் தேங்கிய சாலையில் உயர்த்தலாம். உட்கார்ந்து போகிறவர்களுக்குப் பள்ளம் மேடு தெரியாது. சுகம் என்றால் உண்மையில் சுகம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

'திருச்சி ரோட்டில் எத்தனை காலமாக ஏர் பஸ் ஓடுகிறது, அதெல்லாம் என்ன படுத்துவிட்டதா?' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பஸ்ஸில் காற்றை அடைப்பது இன்ஜினோடு சேர்ந்து ஓடும் பெரிய கம்ப்ரஸர். பிரேக்குக்கே அதுதான் காற்றுக் கொடுக்கிறது. நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே செய்தது. காரில் இருப்பதோ பேட்டரி கரண்டில் ஓடும் சின்ன மோட்டார். எப்போதாவது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடி நிற்க வேண்டியது. பலூனில் ஊசிமுனை அளவு கசிவு வந்தாலும் வண்டி தாழும், கம்ப்ரஸர் ஓடும். மறுபடி தாழும், மறுபடி ஓடும். இப்படி ஓடி ஓடிச் சூடேறிக் கடைசியில் கருகிப்போகும். ரப்பர் கெட்டால் ரப்பரோடு போவதில்லை, கம்ப்ரஸரையும் கூட்டிக்கொண்டு போகும். இந்தச் சங்கதி தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, ரப்பர் ஓடினால்தான் தேயும் என்பதில்லை. நின்ற இடத்திலேயே வெயிலிலும் சூட்டிலும் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். 'டாக்டர் வண்டி சார், 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்று புரோக்கர் சொன்னால், பலூனைப் பொறுத்தவரை அது ஒரு பெருமையே அல்ல. பன்னிரண்டு வருடத்து ரப்பர் பன்னிரண்டு வருடத்து ரப்பர்தான்.

இது இன்று நேற்று வந்த தொல்லையும் அல்ல. அமெரிக்காவில் 1957-ல் காடிலாக் கம்பெனி எல்டொராடோ பிரோகாம் என்ற மிக உயர்ந்த விலைக் காரில் இதைக் கொடுத்தது. கசிவுத் தொல்லை பொறுக்காமல் வாங்கியவர்களில் பலர் பலூனைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் சுருள் ஸ்பிரிங்கோடுதான் வந்தது. 1992-ல்தான் காற்றுக்கு மாறியது. அதற்குப் பிறகு டிஸ்கவரி, கயேன், டுவாரெக், கியூ7, எம்.எல். என்று பெரிய வண்டிகளுக்கெல்லாம் இது பரவிவிட்டது.

இனி நாம் நேரில் பட்டதைச் சொல்கிறோம். திண்டிவனத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், 2024 ஆகஸ்ட் மாதம் சென்னையில் 2011 மாடல் வண்டி ஒன்றை 9 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். வண்டியின் பெயரையும் விற்ற இடத்தையும் விட்டுவிடுகிறோம். பார்க்கப் போனபோது நாமும் கூடப் போயிருந்தோம். ஆகவே இந்தத் தவறில் நமக்கும் பங்கு உண்டு. நாம் போய் இறங்கியபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் வருகிறவர்களுக்காக ஏ.சி. போட்டு வைத்திருக்கிறார்கள், என்ன மரியாதை என்று நினைத்தோம். இறங்கிக் கிடந்த வண்டியை நாம் வருவதற்கு முன்பே காற்றேற்றி நிமிர்த்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் வழியாகப் படகில் மிதப்பது போல ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை பார்த்தால் இடது முன் மூலை தாழ்ந்து, மட்கார்டு டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எழுந்து நின்றது. 'ஒன்றுமில்லை அண்ணாச்சி, இந்த வண்டிக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்' என்று உள்ளூரில் ஒருவர் சொன்னார். அப்படி இருக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்துச் செஞ்சியிலிருந்து திரும்பும்போது கம்ப்ரஸர் நின்றது. வண்டி தரையோடு படுத்துவிட்டது. ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அந்த வண்டியில் முன்பக்கம் பலூனும் ஷாக் அப்சார்பரும் ஒரே உருப்படி. ரப்பரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. உருப்படி ஒன்று, கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. 'வலது பக்கமும் அதே வயசு அண்ணாச்சி, சேர்த்தே மாத்திடுங்க' என்று பட்டறைக்காரர் அப்போதே சொன்னார். நண்பர் கேட்கவில்லை. தை மாதம் அதுவும் போயிற்று.

வண்டிச் செலவைவிடப் பெரிய நஷ்டம் கடையில் வந்தது. 2024 செப்டம்பர் 14-ம் தேதி முதல் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 20 சதவீதம் ஏற்றியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் உடனே விலை ஏறின. தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31. வழக்கமாக ஆவணியிலேயே எண்ணெய் பிடித்து வைக்கும் நண்பர், கைமுதல் வண்டியில் போய்விட்டதால் அந்த வருடம் பிடிக்கவில்லை. பிறகு ஏறிய விலையில், வட்டிக்கு வாங்கிய பணத்தில் சரக்கு எடுத்தார். அந்தத் தீபாவளியில் எண்ணெயில் அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

ஆகவே வாங்க நினைக்கிறவர்களுக்கு நாம் முக்கியமாகச் சொல்வது, வண்டியை ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள் என்பதுதான். முதல் நாள் மாலை சமதளமான இடத்தில் இன்ஜினை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இஞ்சு டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாரும் கதவைத் திறக்குமுன், மறுபடி அளவுங்கள். சில வண்டிகள் நிறுத்திய பிறகு தானே மட்டம் சரிசெய்துகொள்ளும் என்பதால் அரை விரற்கடை வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு. 'ராத்திரி நிறுத்த முடியாது சார்' என்று விற்கிறவர் சொன்னால், அதிலேயே பதில் இருக்கிறது. குறைந்தபட்சம் இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள்; போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்து எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு வெகுநேரம் பிடித்தாலோ, கம்ப்ரஸர் கரகரவென்று கத்தினாலோ, மட்டம் வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தாலோ கம்ப்ரஸர் கடைசி மூச்சில் இருக்கிறது. சாவி போட்டதும் டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மகிழ வேண்டாம்; எரியாதபடி செய்து வைத்திருக்கலாம். டயர் பஞ்சர் பார்ப்பது போல பலூன் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அந்தக் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே பெயர் கொண்ட வண்டியிலும் காற்று ஸ்பிரிங் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. உயரம் மாற்றும் பட்டனோ திருகோ இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாத வண்டி கிடைத்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

பலூனை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடும் வழி இன்றும் இருக்கிறது. செலவு ஒரே தடவையோடு முடியும். ஆனால் உயரம் மாற்றும் வசதி போய்விடும். கம்ப்யூட்டரைச் சரியாகச் சமாதானப்படுத்தாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விற்கும்போதும் விலை குறையும். ஏற்கெனவே அப்படி மாற்றிய வண்டியை ஏர் வண்டி விலைக்குத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

'லேண்ட் ரோவர் இப்போது டாட்டா வண்டிதானே, பார்ட்ஸ் விழுப்புரத்திலேயே கிடைக்காதா?' என்று கேட்கிறார்கள். 2008-ல் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து டாட்டா மோட்டார்ஸ் அதை வாங்கியது உண்மை. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதும் உண்மை. அதனால் பழைய டிஸ்கவரியின் பலூன் டாட்டா ஏஸ் உதிரிப் பாகம் விற்கும் கடையில் கிடைத்துவிடாது.

வெள்ள வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தோம். 2024-ல் ஃபெஞ்சல் புயலில் நம் மயிலத்திலேயே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மூழ்கிய வண்டிகள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு எங்கேயோ விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி குழியிலும் சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். காற்று, மின்சாரம், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்குத் தண்ணீரைப் போல எதிரி வேறில்லை.

காகிதங்களில் ஏமாறுவதும் உண்டு. திண்டிவனத்தில் பி.ஒய். நம்பர் வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெரிய வண்டிகளை அங்கே பதிவு செய்வது ஒரு வழக்கமாக இருந்து, 2017-ல் கேரளத்தில் சினிமா நடிகர்கள் மேலேயே வழக்கு வந்தது. வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் நம் ஊரில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். என்.ஓ.சி. வேண்டும், வரியும் கட்ட வேண்டும். தில்லியில் 10 வருடத்து டீசல் வண்டிகளுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து மலிவாக வந்த வண்டிகளுக்கும் இதே கதைதான். வரியைக் கணக்குப் போட்ட பிறகு மலிவா என்று பாருங்கள். 15 வருடம் முடியும்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குச் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். கடனில் எடுத்த வண்டியானால் ஹெச்.பி. ரத்தான பிறகே மீதிப் பணம் கொடுங்கள்.

'கடை பேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளலாம்' என்று சிலர் சொல்வது தவறு. நம் சொந்த உபயோகத்துக்கான காருக்கு அந்த வரவு கிடையாது. முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுப்பதும் ஆகாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அபராதம். கடைக் கணக்கில் தேய்மானம் எழுத நினைத்தால் ரொக்கம் நமக்கும் உதவாது. பேங்க் மூலமே கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவது என்றால், வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே பேங்கில் போட்டுவிட்டு, அதைச் சரக்குக் கணக்கில் சேர்க்காமல் வாங்குங்கள். 9 லட்ச ரூபாய் வண்டி உண்மையில் 12 லட்ச ரூபாய் வண்டி. அந்த 12 லட்சம் தீபாவளிக் கொள்முதலைத் தொடாமல் கையில் இருந்தால் தாராளமாக வாங்கி அனுபவிக்கலாம். தினமும் இருபது மூட்டை 26 கிலோ அரிசியை அதில் ஏற்றிக் கடை கடையாகப் போட நினைக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதற்கு டாட்டா ஏஸ் இருக்கிறது.

நம் நண்பர் வண்டியை இன்னும் விற்கவில்லை. கடை திறக்கப் போகுமுன் துணி அளக்கும் டேப்பை எடுத்து நான்கு மூலையும் அளந்து, கல்லாவில் உள்ள சிட்டை நோட்டில் எழுதி வைக்கிறார். போன வாரம் பின்பக்கம் வலது மூலை இரண்டு விரற்கடை குறைந்திருந்ததாம்.